பின்கட்டில் மணல் தொட்டி: எந்த மணல் வாங்குவது, எப்படிக் காப்பது?

கேள்வி: உறையூர் வாசகி

வணக்கம். எனக்கு நான்கு வயதில் ஒரு மகனும் ஒன்றரை வயதில் ஒரு மகளும் இருக்கிறார்கள். எதிர்வீட்டில் மாடி எடுக்கும் வேலை நடப்பதால் தெருவோரமாக மணல் கொட்டி வைத்திருக்கிறார்கள். பள்ளி விட்டு வந்ததும் பையை எறிந்துவிட்டு மகன் அந்தக் குவியலில்தான் போய் உட்காருகிறான். அவனைப் பார்த்து மகளும் தத்தித் தத்தி அங்கேயே போகிறாள். எந்தப் பொம்மையோடும் பத்து நிமிடம் நிலைக்காத பிள்ளை, ஒரு கொட்டாங்குச்சியை வைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் வாய் பேசாமல் இட்லி சுட்டுக்கொண்டிருக்கிறானே என்று நானும் தடுக்காமல் இருந்தேன். சென்ற வாரம் அவன் தங்கைக்குக் கொழுக்கட்டை என்று நீட்டியது காய்ந்த பூனைக் கழிவு என்று கண்டபோதுதான் எனக்குப் பகீரென்றது. அதே குவியலில் உடைந்த பீங்கான் துண்டும் வளைந்த ஆணியும் கிடந்தன.

ஆகவே வீட்டிலேயே ஒரு மணல் தொட்டி அமைத்துவிடலாம் என்று முடிவு செய்திருக்கிறோம். ஆனால் எங்கே, எதில், எந்த மணலை வைத்து என்பதில் வீட்டில் ஆளுக்கொரு கருத்து. எங்கள் பின்கட்டு பத்தடிக்குப் பதினான்கடி. ஒரு மூலையில் முருங்கை மரம் நிற்கிறது, சுவரேறி வரும் பூனைகள் மூன்று. பூனைத் தொல்லை இல்லாத மொட்டை மாடியில் ஐந்தடிக்கு ஐந்தடி செங்கல் கட்டி ஓரடி உயரத்துக்கு மணல் நிரப்பலாம் என்கிறார் கணவர். சுற்றுச்சுவர் கட்டியதில் மிஞ்சிய எம்.சாண்ட் இருபது மூட்டை கிடக்கும்போது புதிதாக மணல் எதற்கு என்று மாமனார் கேட்கிறார். நானோ இணையக் கடையில் சிப்பி வடிவில் மூடியோடு விற்கும் பிளாஸ்டிக் தொட்டியைப் பார்த்து வைத்திருக்கிறேன். ஆனால் அதன் அடியில் ஒரு துளைகூட இல்லை என்பது தயக்கமாக இருக்கிறது.

மணலை எவ்வளவு நாளைக்கு ஒருமுறை மாற்ற வேண்டும், மழைக்காலத்தில் என்ன செய்வது, பிளீச்சிங் பவுடர் போட்டால் கிருமி சாகுமா என்பதையும் அனுபவப்பட்டவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

பதில் 1: சைட் என்ஜினியர்

சகோதரி, மொட்டை மாடி யோசனையை முதலில் கைவிடச் சொல்லுங்கள். ஐந்துக்கு ஐந்து அடியில் ஓரடி உயரம் என்றால் 25 கன அடி மணல். உலர்ந்த நிலையிலேயே அது 1,100 கிலோவுக்கு மேல் இருக்கும். ஒரு நல்ல மழையில் நனைந்தால் 1,300 கிலோவைத் தாண்டிவிடும். சதுர மீட்டர் கணக்கில் பார்த்தால் ஏறத்தாழ 580 கிலோ. ஆட்கள் ஏறிப் போகக்கூடிய மொட்டை மாடிக்கு ஐ.எஸ். 875 என்ற இந்தியத் தரநிலையின் இரண்டாம் பகுதி வகுத்திருக்கும் பயன்பாட்டுச் சுமை சதுர மீட்டருக்கு 1.5 கிலோ நியூட்டன், அதாவது சுமார் 150 கிலோ. ஏறக்குறைய நான்கு மடங்கை, அதுவும் மாதக்கணக்கில் இறங்காமல் நிற்கும் சுமையாக, ஏற்றப் பார்க்கிறார். தளம் உடனே விழுந்துவிடும் என்று நான் பயமுறுத்தவில்லை. கம்பி எங்கே எவ்வளவு கிடக்கிறது என்று தெரியாத தளத்தின் மேல் குழந்தைகளை உட்காரவைத்து அதைச் சோதித்துப் பார்க்க வேண்டாம் என்கிறேன்.

எடையைக் காட்டிலும் எனக்குக் கவலை தருவது கைப்பிடிச் சுவர். மூன்றடிக் கைப்பிடிச் சுவரை ஒட்டி ஓரடியில் ஒரு தொட்டி கட்டினால், அதன் மேல் ஏறி நிற்கும் குழந்தைக்கு அந்தச் சுவர் இரண்டடிதான். இது தவிர, எப்போதும் ஈரம் காக்கும் மணல் தட்டோட்டின் இணைப்புகள் வழியாகக் கீழே கசிந்துகொண்டே இருக்கும்.

அடுத்தது எம்.சாண்ட். மாமனாரின் சிக்கனத்தைக் குறை சொல்லவில்லை. அந்தப் பொருள் கான்கிரீட்டுக்கு நல்லது, குழந்தைக்கு அல்ல. கருங்கல்லை உடைத்துச் செய்வதால் அதன் மணிகள் கூர்முனை கொண்டவை. அதில் உட்கார்ந்து நகரும் குழந்தையின் முழங்காலும் தொடையும் சிராய்த்துப் போகும். தூசி அதைவிடப் பெரிய தொல்லை. 75 மைக்ரானுக்குக் கீழான தூள், உடைத்த மணலில் எடையில் 15 சதவீதம் வரை இருக்க ஐ.எஸ். 383 இடம் தருகிறது. இயற்கை மணலுக்கு அந்த வரம்பு 3 சதவீதம்தான். கருங்கல்லில் குவார்ட்ஸ் என்னும் படிக சிலிக்கா கணிசமாக உண்டு. மூச்சோடு நுரையீரலுக்குள் இறங்கும் அளவுக்கு நுண்ணிய படிக சிலிக்காத் தூளைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் வகையில் உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 1997லேயே சேர்த்துவிட்டது. அது ஆண்டுக்கணக்கில் கல்குவாரியிலும் ஆலையிலும் தூளைச் சுவாசித்தவர்களை வைத்துச் சொன்னது என்பதையும் சேர்த்தே சொல்கிறேன். பின்கட்டில் விளையாடும் குழந்தையின் நிலை அதுவன்று. ஆனாலும் தூசி பறக்கும் ஒன்றைத் தெரிந்தே தேர்ந்தெடுக்கக் காரணம் இல்லை. பூச்சு வேலைக்கு விற்கும் பி.சாண்டும் இதே கல்தான், இன்னும் நுண்ணியது, அதையும் தவிர்க்கவும்.

ஆற்று மணல்தான் சரி, ஆனால் பெயரை மட்டும் நம்பி வாங்காதீர்கள். சவுட்டு மணலை, அதாவது மண் கலந்த மணலை, கழுவி ஆற்று மணல் என்று தள்ளுபவர்கள் உண்டு. கண்ணாடிப் பாட்டில் ஒன்றில் மூன்றில் ஒரு பங்குக்கு மணலைப் போட்டு, முக்கால் பாட்டில் வரை நீர் ஊற்றி, ஒரு கரண்டி உப்பையும் சேர்த்து நன்றாகக் குலுக்கி மூன்று மணி நேரம் அசையாமல் வைத்துவிடுங்கள். மணல் அடியில் இறங்கி, அதன் மேல் வண்டல் தனி அடுக்காகப் படியும். பத்து சென்டிமீட்டர் மணலுக்கு மேல் எட்டு மில்லிமீட்டருக்கு மிகுந்து வண்டல் படிந்தால் கட்டடத்திலேயே அந்த லோடைத் திருப்பி அனுப்பிவிடுவோம். வண்டல் மிகுந்த மணல் காய்ந்தால் புழுதி, நனைந்தால் சேறு. உங்களுக்கு லோடு கணக்கில் தேவைப்படாது. ரசீது கொடுக்கும் கடையில் மூட்டையாக வாங்கிப் பூச்சு வேலைச் சல்லடையில் சலித்து, அண்டாவில் இரண்டு முறை அலசி எடுத்தால் போதும். ஆற்று மணல் கிடைக்கவே இல்லையென்றால், குடிநீர் வடிகட்டிகளுக்கு என்று தரம் பிரித்து மூட்டையில் விற்கும் மணல் சுத்தமானது. விலைதான் சற்றுக் கூடுதல்.

பதில் 2: பட்டுக்கோட்டைப் பாட்டி

மகளே, பேரப் பிள்ளைகள் மூவருக்கு ஆறு ஆண்டுகளாக மணல் தொட்டி வைத்துக் காத்தவள் என்ற முறையில் எழுதுகிறேன். பிளாஸ்டிக் சிப்பியும் வேண்டாம், செங்கல் கட்டும் வேண்டாம். கிணற்றுக்கு உறை வார்த்து விற்கும் இடத்துக்குப் போய் நான்கடி விட்டமும் ஓரடி உயரமும் உள்ள சிமெண்ட் உறை ஒன்றைக் கேட்டு வாங்குங்கள். அதற்கு மூலையே கிடையாது, கரையான் அரிக்காது, குழந்தை ஏறி மிதித்தால் சாயாது. மேல் விளிம்பு மட்டும் சொரசொரப்பாக இருக்கும். கொத்தனாரிடம் சொல்லி உருட்டிப் பூசச் சொன்னால் அதுவே பிள்ளைகளுக்கு உட்காரும் திண்ணை ஆகிவிடும். அடி திறந்திருப்பதால் நீர் தானாகவே மண்ணுக்குள் இறங்கும். நீங்கள் துளையில்லாத தொட்டியைக் கண்டு தயங்கியது சரிதான். நீர் தேங்கினால் நான்கே நாளில் அடி மணல் கறுத்துச் சாக்கடை வாடை எடுக்கும்.

உறையை இறக்கும் முன் தரையை அரை அடி வெட்டி, அதில் மூன்று நான்கு அங்குலத்துக்கு ஜல்லி பரப்பி, மேலே, நீரை மட்டும் இறங்கவிட்டு மணலைத் தடுக்கும் ஜியோ டெக்ஸ்டைல் துணியை விரித்தோம். முதலில் பழைய பருத்திச் சேலையைத்தான் போட்டோம். ஒரு மழைக்காலத்தில் அது மக்கி, ஜல்லியும் மணலும் ஒன்றாகக் கலந்துவிட்டன. கோழி வலையை அடியில் போடலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். பிள்ளைகள் அடி வரை தோண்டுவார்கள், கம்பி முனை கையைக் கிழிக்கும். விளிம்புக்கு மூன்று அங்குலம் கீழே நிற்கும்படி மணல் போட்டால் எட்டு, ஒன்பது சிமெண்டுச் சாக்கு மணல் பிடிக்கும். விளிம்பு வரை நிரப்பினால் பாதி மணல் முற்றத்தில்தான் இருக்கும்.

முருங்கை மரத்திலிருந்து எவ்வளவு தள்ளி வைக்க முடியுமோ அவ்வளவு தள்ளி வையுங்கள். மழை விட்டதும் கம்பளிப்பூச்சி அடை அடையாக மரத்தில் ஒட்டியிருக்கும்; ஒன்று மணலில் விழுந்தாலும் பிள்ளையின் உடம்பு முழுக்கத் தடிப்புதான். வேப்ப மரத்தடியும் நினைக்கிற அளவுக்கு நல்லதன்று. பழ நாளில் எறும்பும் காக்கை எச்சமும் ஓயாது. காலை வெயில் விழுந்து பிற்பகலில் சுவர் நிழல் வரும் இடமே ஏற்றது. வெயில் படாத மணல் உலராது. சித்திரை வெயில் நாள் முழுவதும் படுகிற மணலில் குழந்தையின் கால் வைக்க முடியாது.

இனி மூடியைப் பற்றி. தொட்டியைத் தேர்ந்தெடுப்பதில் ஒரு நாள் செலவாகும். மூடுவதுதான் நாள்தோறும் உள்ள வேலை, அதில் தவறினால் மற்ற எல்லாம் வீண். முதல் ஆண்டு நான் தார்ப்பாயைப் போட்டுச் சுற்றிலும் செங்கல் வைத்தேன். கார்த்திகை மாதத்தில் நான்கு நாள் அடைமழை விட்டபின் பார்த்தால், நடுவில் தொய்ந்த தார்ப்பாயில் ஒரு குடம் நீர் தேங்கி, அதில் கொசுப்புழு நெளிந்துகொண்டிருந்தது. டெங்குக் காய்ச்சல் சுற்றிக்கொண்டிருந்த நேரம். அடியில் இருந்த மணலோ காற்றே படாமல் புழுங்கிக் கிடந்தது. அதன்பின் மூங்கில் பிளாச்சை வளைத்து வட்டச் சட்டம் கட்டி, அதிராம்பட்டினத்திலிருந்து வாங்கி வந்த நைலான் மீன் வலையை இழுத்துக் கட்டினேன். வெயிலும் காற்றும் உள்ளே போகும், பூனை போகாது. விளையாடும்போது சட்டத்தைத் தூக்கிச் சுவரில் ஆணியடித்து மாட்டிவிட வேண்டும். வலையைப் பிள்ளைகள் எட்டும்படி கீழே விடக்கூடாது. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் மட்டும் நடுவில் ஒரு கழியை ஊன்றி, நீர் வழிந்தோடும்படி கூடாரம் போலத் தார்ப்பாயைக் கட்டுகிறேன். மழை விட்ட மறுநாளே எடுத்துவிடுகிறேன்.

மாலையில் மூடும் முன் களைக்கொத்தால் ஒருமுறை மணலை அடியோடு புரட்டிவிடுவேன். ஞாயிற்றுக்கிழமை சலிப்பேன், சட்டைப் பொத்தான், புளியங்கொட்டை, பாதி பிஸ்கட், ஒருமுறை என் மருமகளின் கொலுசுத் திருகாணிகூடக் கிடைத்தது. மணலில் உட்கார்ந்து தின்பண்டம் தின்னக் கூடாது என்பதை மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள், எறும்பு அதனால்தான் வருகிறது. விளையாட்டுச் சாமான்களையும் இரவில் மணலிலேயே விட்டுவிடாதீர்கள். கவிழ்த்து வைத்த ஒரு பிளாஸ்டிக் வாளியைக் காலையில் நிமிர்த்தியபோது அதனடியில் ஒரு செந்தேள் இருந்தது. நல்ல வேளையாக அன்று நிமிர்த்தியது நான். அன்றிலிருந்து எல்லாச் சாமானும் வலைப்பையில் போட்டுச் சுவரில் தொங்குகின்றன. கால் கழுவ வாயகன்ற பாத்திரத்தில் நீரும் படியில் தேங்காய்நார் மிதியடியும் வைத்துவிட்டால் குளியலறைக் குழாய் அடைக்காது.

தை பிறந்து மழை முழுதும் ஓய்ந்ததும் மணலை மாற்றிவிடுவேன். பழைய மணல் பூந்தொட்டிகளுக்குப் போய்விடும்.

பதில் 3: குழந்தைகள் நல மருத்துவர்

பூனைக் கழிவைக் கையில் எடுத்ததாக எழுதியிருந்ததால் சிலவற்றைச் சொல்ல வேண்டியிருக்கிறது. பூனை, நாய் ஆகியவற்றின் குடலில் வாழும் டாக்சோகாரா என்ற உருண்டைப் புழுவின் முட்டைகள் கழிவோடு வெளிவந்த உடனே தொற்றுவதில்லை. மண்ணில் இரண்டு முதல் நான்கு வாரம் கிடந்து முதிர்ந்த பிறகே தொற்றும் தன்மை பெறுகின்றன. அதே விலங்குகளின் கொக்கிப்புழு முட்டைகளோ ஓரிரு நாளில் பொரிந்து, ஒரு வார அளவில் தோலைத் துளைக்கக்கூடிய நிலையை அடைந்துவிடுகின்றன. ஈரமும் நிழலும் உள்ள மணல் அவற்றுக்கு மிகவும் உகந்தது. பூனைக் கழிவிலிருந்து வரும் டாக்சோபிளாஸ்மா என்ற நுண்ணிய ஒட்டுண்ணி ஒன்று முதல் ஐந்து நாளில் தொற்றும் நிலைக்கு வந்துவிடும். வீட்டில் கருவுற்ற பெண் இருந்தால் அவர் இந்த மணலைக் கிளறுவதும் சலிப்பதும் கூடாது. மாலைதோறும் புரட்டிப் பார்க்கும் பாட்டியின் பழக்கம் இந்தக் கணக்குகளால்தான் பயன் தருகிறது. கழிவைக் கண்ட அன்றே சுற்றியுள்ள மணலோடு சேர்த்து அள்ளி அப்புறப்படுத்திவிட்டால் முட்டை முதிர வாய்ப்பே இல்லை. எத்தனை நாள் கிடந்தது என்று தெரியாத, பலமுறை பூனை வந்துபோன மணல் என்றால் முழுவதையும் மாற்றிவிடுங்கள்.

பிளீச்சிங் பவுடர் வேண்டாம். டாக்சோகாரா முட்டையின் தடித்த ஓடு குளோரினுக்கு அசைந்து கொடுப்பதில்லை. குழந்தையின் கண்ணும் தோலும்தான் எரியும். மணலை மெல்லிய அடுக்காகப் பரப்பிக் கடும் வெயிலில் நன்றாகக் காயவைப்பது கொக்கிப்புழு லார்வாக்களை அழிக்கும். கொதிநீர் டாக்சோகாரா முட்டையையே கொல்லும் என்றாலும் எட்டுச் சாக்கு மணலுக்கு அது நடைமுறையில் ஒத்துவராது.

காலிலோ பின்புறத்திலோ தோலுக்கடியில் சிவந்த கோடு ஒன்று வளைந்து வளைந்து நாளுக்கு நாள் நீண்டுகொண்டே போய், கடும் அரிப்பும் இருந்தால் அது விலங்குக் கொக்கிப்புழுவின் லார்வா ஊர்ந்த தடம். களிம்பு தடவிக் காத்திருக்காமல் மருத்துவரிடம் காட்டுங்கள், சிகிச்சை எளிது.

தேசியக் குடற்புழு நீக்க நாள் பிப்ரவரி 10, ஆகஸ்ட் 10 ஆகிய நாள்களில் நடத்தப்படுகிறது. ஒன்று முதல் பத்தொன்பது வயது வரை உள்ளவர்களுக்கு அங்கன்வாடியிலும் பள்ளியிலும் அல்பெண்டசோல் கொடுக்கிறார்கள். உங்கள் மகளைப் போல இரண்டு வயது நிரம்பாதவர்களுக்கு 200 மில்லிகிராம், அதாவது அரை மாத்திரை, பொடித்து நீரில் கலந்து தரப்படும். மகனுக்கு 400 மில்லிகிராம். அந்த மாத்திரை மனிதக் குடற்புழுக்களுக்கானது. அதைக் கொடுத்துவிட்டோமே என்று பூனை வந்துபோன மணலைப் பொருட்படுத்தாமல் இருந்துவிடக் கூடாது.

இன்னொன்றையும் கவனியுங்கள். ஒன்றரை வயதுக் குழந்தை மணலை ஒருமுறை வாயில் போட்டுத் துப்புவது இயல்பு. விரட்டினாலும் தேடிப் போய் மண்ணைத் தின்றுகொண்டே இருந்தால் அதைக் குறும்பு என்று விட்டுவிடாமல் ரத்தப் பரிசோதனை செய்யுங்கள். பெரும்பாலும் இரும்புச்சத்துக் குறைவு இருக்கும். கண்ணில் மணல் விழுந்தால் கசக்கவிடாமல், சேலைத் தலைப்பால் ஒற்றாமல், சுத்தமான நீரை ஊற்றிக் கழுவுங்கள்.

பதில் 4: குளச்சல் நண்பர்

இடையில் ஒரு கேள்வி, மன்னிக்கவும். எங்களுக்குக் கடல் நடக்கும் தூரத்தில்தான் இருக்கிறது. கடற்கரை மணல் மென்மையாகவும் தூசியில்லாமலும் இருக்கிறதே, இரண்டு சாக்கு அள்ளி வந்தால் ஆகாதா?

பதில் 5: சைட் என்ஜினியர்

வேண்டாம் ஐயா. கடற்கரையிலிருந்து மணல் அள்ளுவது கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கையின்படி தடை செய்யப்பட்டது. இரண்டு சாக்கு என்று தொடங்குவதுதான் பிறகு டிராக்டராக மாறுகிறது. அதில் உள்ள உப்பு காற்றின் ஈரத்தை இழுத்துக்கொண்டே இருப்பதால் மணல் முழுதும் உலராது, உடைந்த சிப்பி பிள்ளைகளின் கையை அறுக்கும். உங்கள் பகுதிக்கென்று தனிக் காரணம் ஒன்றும் உண்டு. மணவாளக்குறிச்சியில் ஐ.ஆர்.இ.எல். என்ற பொதுத்துறை நிறுவனத்தின் கனிம மணல் ஆலை இருப்பதே அந்தக் கரையின் கருமணலில் இல்மனைட்டும் கார்னெட்டும், தோரியம் கலந்த மோனசைட்டும் இருப்பதால்தான். இயல்பாகவே கதிர்வீச்சு சற்றுக் கூடுதலாக உள்ள மணலைக் குழந்தை நாள்தோறும் அளைந்து விளையாடும் தொட்டிக்குள் கொண்டுவந்து வைப்பானேன்? கடல் பக்கத்திலேயே இருக்கும்போது பிள்ளைகளைக் கரைக்கே அழைத்துப் போய்விடுங்கள். எங்களுக்கெல்லாம் அந்தக் கொடுப்பினை இல்லை.

பதில் 6: பாலர் பள்ளி ஆசிரியை

மேலே சொன்னவை எல்லாம் சரியே. ஆனால் என்ஜினியர் ஐயாவின் இரண்டு முறை அலசலில் எனக்குச் சிறிய மாறுபாடு உண்டு. எங்கள் பள்ளியில் ஒருமுறை வடிகட்டி மணலை வாங்கிப் போட்டோம்; பார்க்க முத்துப் போல இருந்தது, ஆனால் மணிகள் எல்லாம் பெரிதாகவும் ஒரே அளவாகவும் இருந்ததால் பிள்ளைகள் எதைக் கவிழ்த்தாலும் பொலபொலவென்று உதிர்ந்தது. ஒரே வாரத்தில் அவர்களுக்கு அலுத்துவிட்டது. மணிகளுக்கிடையே உள்ள ஈரம்தான் மணலைப் பிடித்து நிறுத்துகிறது; மணி சிறிதாக இருந்தால்தான் அந்தப் பிடிப்பு நிற்கும். ஆகவே அந்த வகை வாங்குவதானால் இருப்பதில் நுண்ணிய தரத்தைக் கேளுங்கள். ஆற்று மணல் என்றால் சலித்ததில் கீழே விழும் மெல்லிய பகுதியை மட்டும் எடுத்து, தெளிந்த நீர் வரும் வரை ஒருமுறை அலசினால் போதும். விளையாடும் முன் பூவாளியால் மேலே தெளித்துவிட்டால் தூசியும் அடங்கும், இட்லியும் உடையாமல் வரும்.

சாமான்களுக்குக் கடைக்குப் போக வேண்டாம். நெளிந்த இட்லித் தட்டு, புனல், பழைய வடிகட்டி, கொட்டாங்குச்சி, மூடி போன சொம்பு ஆகியவை போதும். புனலும் சல்லடையும் கொடுத்துப் பாருங்கள், உங்கள் மகனே மெல்லிய மணலையும் பருமணலையும் தனித்தனியாகக் குவித்து வைப்பான். கூரான கரண்டி, தகர டப்பா, கண்ணாடி கூடாது. இருவரும் வாளிக்குச் சண்டையிடுவார்கள் என்பதால் எதையும் இரண்டாக வையுங்கள். மகன் சற்றுப் பெரியவனானதும் கிச்சுக் கிச்சுத் தாம்பாளம் சொல்லிக்கொடுங்கள். மணலை நீளக் குவித்து அதற்குள் குச்சியை ஒளித்து வைத்து, எங்கே இருக்கிறது என்று இரு கைகளையும் கோத்துப் பொத்தச் சொல்லும் அந்த விளையாட்டை எங்கள் பள்ளிப் பிள்ளைகளில் பலர் இங்கே வந்துதான் முதன்முதலாகக் கேள்விப்படுகிறார்கள். அதற்கு மட்டும் உலர்ந்த மணல் வேண்டும். திண்ணைப் பள்ளிக்கூடத்தில் மணலில் விரலால் எழுதித்தான் நம் முன்னோர் அகரம் பழகினார்கள் என்பதால், எழுதும் பழக்கமும் கூடவே வரட்டும் என்று சில பெற்றோர் கேட்பதுண்டு. நான்கு வயதில் அதைத் திணிக்க வேண்டாம் என்பது என் கருத்து. அவன் சிற்றில் கட்டட்டும், தங்கை சிதைக்கட்டும்.

ஒன்றரை வயதுப் பிள்ளை தொட்டிக்குள் இருக்கும் வரை ஒரு பெரியவர் கையெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். கைபேசியைப் பார்த்துக்கொண்டு பக்கத்தில் இருப்பதை நான் இருப்பதாகக் கணக்கிடுவதில்லை.

மறுமொழி: உறையூர் வாசகி

அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. இந்தக் கேள்வியை எழுதி ஐந்து வாரங்கள் ஆகின்றன, நடந்ததைச் சொல்கிறேன். சதுர மீட்டருக்கு 580 கிலோ என்ற கணக்கைப் படித்துக் காட்டியதும் கணவர் மொட்டை மாடியைப் பற்றிப் பேசுவதை நிறுத்திவிட்டார். பாட்டி சொன்னபடி நான்கடி உறை ஒன்றை வாங்கி, முருங்கைக்கு நேரெதிர் மூலையில், சன்ஷேடின் நுனி சற்றே மேலே வரும்படி இறக்கினோம். மூன்று கடைகளில் மணல் வாங்கி வந்து பாட்டில் சோதனை செய்தோம். ஆற்று மணல் என்று அடித்துச் சொன்ன ஒரு கடையின் மணலில் வண்டல் அடுக்கு என் கட்டைவிரல் அகலத்துக்கு நின்றது. மாமனாரே அந்தப் பாட்டிலைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்துவிட்டு வேண்டாம் என்றார். மூன்றாவது கடை மணலில் கோடு போல மெலிதாகத்தான் படிந்தது. அதைத்தான் சலித்துப் போட்டிருக்கிறோம். மிஞ்சிய எம்.சாண்ட் மூட்டைகள் கொல்லைப் படியைப் பூசுவதற்குப் பயன்பட்டுவிட்டன.

மீன் வலை இங்கே கிடைக்காததால் மாடித்தோட்டக் கடையில் நைலான் வலை வாங்கி மூங்கில் சட்டத்தில் கட்டியிருக்கிறோம். முதல் இரண்டு இரவும் பூனை வந்து வலை மேலேயே உட்கார்ந்து பார்த்தது. தொய்வில்லாமல் இழுத்துக் கட்டியபின் வருவதில்லை. ஒருநாள் விருந்தினர் வந்திருந்ததால் மூட மறந்துவிட்டோம், மறுநாள் காலை புரட்டிப் பார்த்தால் அது தன் வேலையை முடித்துவிட்டுத்தான் போயிருந்தது. சுற்றிலும் ஒரு சாண் மணலோடு அள்ளிப் போட்டுவிட்டோம். இப்போது இரவு கதவைப் பூட்டும் முன் மாமனார் டார்ச் விளக்கோடு போய் வலையை ஒருமுறை தொட்டுப் பார்த்துவிட்டு வருகிறார். மகள் மண் தின்பது சற்று மிகுதியாகத் தெரிந்ததால் ரத்தப் பரிசோதனையும் செய்தோம். ஹீமோகுளோபின் குறைவாக இருந்தது, சொட்டு மருந்து தொடங்கியிருக்கிறோம். மருத்துவருக்குத் தனியாக நன்றி.

ஒரு சந்தேகம் மட்டும் மிச்சம். சன்ஷேடுக்குக் கீழே மழையே படாத ஓரத்தில், மணலில் சின்னச் சின்னப் புனல் போலக் குழிகள் நான்கைந்து தோன்றியிருக்கின்றன. ஒன்றில் எறும்பு ஒன்று சறுக்கி விழுந்தது, உள்ளேயிருந்து ஏதோ மணலை வாரி இறைத்தது. மருந்து ஏதாவது தெளிக்க வேண்டுமா?

பதில் 7: பட்டுக்கோட்டைப் பாட்டி

மருந்தா! அது குழியானை மகளே. எறும்பைத் தின்று வயிறு வளர்க்கும் சாது, பிள்ளைகளை ஒன்றும் செய்யாது. பின்னால் இறக்கை முளைத்துத் தும்பி போலப் பறந்துவிடும். மணலைப் புரட்டும்போது அந்த ஓரத்தை மட்டும் விட்டுவிட்டு, பையனிடம் ஒரு ஈர்க்குச்சியைக் கொடுத்துக் குழியின் விளிம்பில் மெல்ல உரசச் சொல்லுங்கள்.